கோட்டையில மிஞ்சின இரும்பு

கோணேசர் கோயிலுக்குப் போற எல்லாரும் பிரெட்றிக் கோட்டைக்குள்ளாலதான் போகவேணும். மான்களைப் படமெடுப்பம், பழைய பீரங்கிகளை ஆரும் கவனிக்கிறேல்ல. நாங்கள் கிட்டப் போய்ப் பார்த்ததெல்லாம் துருப்பிடிச்ச இரும்பு. வெண்கலம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. காரணம் விலைதான் என்று நினைக்கிறோம்.

வெண்கலப் பீரங்கியில் பத்துக்கு ஒன்பது பங்கு செம்பு, மிச்சம் வெள்ளீயம். இரும்பைவிடப் பல மடங்கு விலை. ஆனால் உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காது. உடையப்போனால் முதலில் வீங்கியோ வெடிப்பு விட்டோ காட்டிக்கொடுக்கும். வார்ப்பிரும்பு சொல்லாமல் கொள்ளாமல் சிதறி, சுட்டவனையே கொல்லும். அப்படியிருந்தும் டச்சுக் கம்பனி சுவீடன் இரும்பை வாங்கிக் குவித்தது. கப்பலுக்கும் கோட்டைக்கும் அத்தனை பீரங்கி வேணுமெண்டால் வெண்கலம் கட்டுப்படியாகாது.

திருப்பி விற்கும்போதுதான் உண்மையான வித்தியாசம். தேய்ந்த வெண்கலத்தை உருக்கிப் புதிசாக வார்க்கலாம். தேய்ந்த இரும்புப் பீரங்கியைப் பல துறைமுகங்களில் கப்பல் கட்டும் தூணாகவே நட்டார்கள்.

இந்தக் கோட்டை 1639இல் போர்த்துக்கீசரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. 1782இல் மட்டும் ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர். 1795இல் திரும்ப ஆங்கிலேயர். ஒவ்வொரு முறையும் வென்றவன் எதை முதலில் கப்பலில் ஏற்றியிருப்பான்?

கண்டியில் நடந்தது தெரியும். 1765இல் டச்சுக்காரர் அள்ளிப்போன லெவ்கே பீரங்கி வெண்கலம். தங்கம், வெள்ளி, மாணிக்கம் பதித்தது. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலிருந்து 2023 டிசம்பரில்தான் கொழும்புக்குத் திரும்பியது. எங்கட இரும்பை ஆரும் கொண்டுபோகவுமில்லை, திருப்பிக் கேட்கவுமில்லை. பிள்ளைகள் ஏறியிருந்து விளையாடுதுகள்.