கத்ரஜ் ஏரி முதல் வீட்டு மோட்டார் வரை

வீட்டுக் கிணற்று மோட்டாரில் தண்ணீர் வேகம் குறைந்தால் முதலில் பழி விழுவது மோட்டார்மீதுதான். அரை எச்.பி. போதாது, ஒன்று போடுங்கள். ஒன்று போதாது, ஒன்றரை போடுங்கள் என்ற யோசனை உடனே வந்துவிடும். புனேயின் நீர் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த யோசனை தலைகீழாகத் தெரியும். மோட்டாரே இல்லாத காலத்தில் அந்த ஊரார் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, அரண்மனைத் தோட்டத்தில் நீரூற்றாகப் பீய்ச்சவும் செய்தார்கள். நீர்மட்டம், காற்று, வண்டல் என்ற மூன்றையும் கவனித்தால் அழுத்தம் தானே வரும் என்று அந்தக் கொத்தனார்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய வீட்டு பம்பின் கோளாறையும் அந்த வரிசையில்தான் தேட வேண்டும். எந்திரத்தின் முறை அதற்குப் பிறகே வருகிறது.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நானாசாகேப் பேஷ்வா என்று அறியப்பட்ட பாலாஜி பாஜிராவின் காலத்தில், நகருக்குத் தெற்கே உள்ள கத்ரஜ் மலையடிவாரத்தில் ஏரி அமைத்தார்கள். அங்கிருந்து நிலத்தடியில் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கால்வாய் வழியாகத் தண்ணீர் பேஷ்வாக்களின் அரண்மனையான சனிவார் வாடாவுக்கும் பேட்டைகளில் இருந்த ‘ஹவுத்’ எனப்படும் பொதுத் தொட்டிகளுக்கும் வந்தது. ஆள் இறங்கி நடந்து சுத்தம் செய்யும் அளவுக்குக் கால்வாய் அகலமானது. வழிநெடுக ‘உச்வாஸ்’ என்ற கல் கூண்டுகளை எழுப்பியிருந்தார்கள். இந்த அமைப்பின் சூட்சுமமே அந்தக் கூண்டுகள்தான். மூடிய பாதையில் ஓடும் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து வரும். மேடான இடங்களில் அது தேங்கி, குழாய்க்குள் அடைப்பைப் போல நின்றுவிடும். கூண்டின் வழியே காற்று வெளியேறியது. கூடுதல் அழுத்தம் கால்வாய்ச் சுவரைப் பிளக்காமல் தணிந்தது. பராமரிப்பவர்கள் உள்ளே இறங்கவும் வழி கிடைத்தது. சனிவார் வாடாவில் பதினாறு இதழ்த் தாமரையாகக் கட்டிய ஹஜாரி காரஞ்சே நீரூற்றைத் தண்ணீர் உயரத்திலிருந்து இறங்கி வரும் வேகமே இயக்கியது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ பிரஷர் தரும் என்று இன்றைய பிளம்பர் போடும் கணக்கும் இதுதான்.

இந்த அமைப்பைப் புகழும்போது அந்தத் தண்ணீர் யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. கால்வாய் சரியாக ஓடிய ஊரிலேயே, தீண்டாமைக்கு ஆளான மக்கள் பொதுத் தொட்டியை நெருங்க முடியவில்லை. 1868இல் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அவர்களுக்குத் திறந்துவிட்டார். புனேயின் நீர் வரலாற்றில் அதைவிடப் பெரிய நிகழ்ச்சியை நான் அறியேன். கட்டியவர்களின் பொறியியலை ஏற்பதால் அவர்களது சமூக ஒழுங்கையும் ஏற்றதாகிவிடாது. பின்னர், 1879இல் முடிந்த கடக்வாஸ்லா அணை நகரின் நீராதாரத்தையே மாற்றியது. 1961 ஜூலை 12 அன்று அதற்கு மேற்புறம் இருந்த பான்ஷெட் அணை உடைந்து, அந்த வெள்ளம் கடக்வாஸ்லாவையும் உடைத்தது. இதற்கிடையே நகரம் விரிந்துகொண்டே போனது. 2017இல் 11 கிராமங்களும் 2021இல் 23 கிராமங்களும் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. மாநகராட்சிக் குழாய் போய்ச் சேராத விளிம்புகளில் போர்வெல்லும் டேங்கர் லாரியுமே ஆதாரமாயின.

போர்வெல் போட்டவர்கள் மண்ணுக்கு அடியில் சந்தித்தது தக்காணத்தின் கருங்கல் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்தது அது. தண்ணீர் அதன் விரிசல்களிலும் மேலே சிதைந்த அடுக்கிலும்தான் தங்கும். ஆற்று மணல் பூமிபோல ஊறிக்கொண்டே இருக்காது. பருவமழை முடிந்து மாதங்கள் செல்லச் செல்ல மட்டம் இறங்கும். தரைமேல் உட்கார்ந்து உறிஞ்சும் பம்புக்கு அங்கே ஓர் எல்லை இருக்கிறது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, காற்றழுத்தமே அதை மேலே தள்ளுகிறது என்பதற்கு 1643இல் இத்தாலியில் டாரிசெல்லியின் பாதரசச் சோதனை வழிகாட்டியது. கடல்மட்டத்தில் அந்த எல்லை 10.3 மீட்டர். சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ள புனேயில் அது 9.7 மீட்டர் அளவுக்குக் குறைகிறது. குழாய் உராய்வும் வளைவுகளும் போக, நம்பக்கூடியது 6 அல்லது 7 மீட்டர்தான். மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் எத்தனை எச்.பி. மாட்டினாலும் பயனில்லை. பெரிய மோட்டார் கிணற்றை இன்னும் சீக்கிரம் வற்றவைத்து, காற்றைத்தான் குடிக்கும்.

ஆகவே, வேகம் குறைந்தால் ஸ்பானரை எடுக்குமுன் கயிற்றில் கல் கட்டிக் கிணற்றில் விட வேண்டும். மோட்டார் ஓடுவதற்கு முன்பும், அரைமணி ஓடிய பின்பும் மட்டத்தை அளந்தால் பாதிக் கோளாறு தெரிந்துவிடும். அடுத்தது காற்று. தண்ணீர் துப்பித் துப்பி வந்தாலோ, பால்போல வெளுத்து வந்தாலோ, பிரஷர் கேஜின் முள் நடுங்கினாலோ காற்று நுழைகிறது என்று பொருள். உறிஞ்சும் பக்கத்து இணைப்பில் ஓட்டை இருந்தால் அங்கே தண்ணீர் கசியாது, காற்றே உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. மூட்டின்மீது கிரீஸ் அப்பிப் பார்த்து, சத்தம் சீரானால் அதுதான் குற்றவாளி. மோட்டாரை நிறுத்திச் சற்று நேரம் கழித்துக் கேசிங்கின் பிரைமிங் மூடியைத் திறந்தால் தண்ணீர் நிற்க வேண்டும். வடிந்திருந்தால் உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வையும் பாருங்கள். பிரஷர் டேங்க் உள்ள வீட்டில் மோட்டார் அடிக்கடி விட்டுவிட்டு ஓடினால், டேங்க்கில் காற்று குறைந்திருக்கலாம், அல்லது ரப்பர் பை கிழிந்திருக்கலாம். பம்பின் வாயில் காற்று கூடாது, டேங்க்கில் காற்று வேண்டும்: இதை மாற்றிப் புரிந்துகொண்டு செலவழித்த வீடுகள் நிறைய. மூன்றாவது வண்டல். வடிகட்டியும் ஃபுட் வால்வின் சல்லடையும் அடைத்திருந்தால், நல்ல மோட்டாரும் நோயாளியாகத் தெரியும்.

கத்ரஜ் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர், பம்பு பள்ளத்திலிருந்து ஏற்றும் தண்ணீர். இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். இறங்கினாலும் ஏறினாலும் உயரமே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. காற்றும் வண்டலும் இரண்டு பாதையிலும் ஒரே தொல்லையைத்தான் தருகின்றன. மோட்டார் ஒருபோதும் கெடாதா என்ற கேள்வியும் நியாயமானதே. இம்பெல்லர் தேயும், கெபாசிட்டர் போகும், மின்னழுத்தம் குறையும். நீர்மூழ்கி மோட்டாரில் உறிஞ்சும் எல்லை இல்லை. ஆனால் கீழே இறங்கும் குழாயில் விரிசல் விழலாம், நான்-ரிட்டர்ன் வால்வு ஒழுகலாம். இவையெல்லாம் உண்மையே. இவற்றைச் சோதிக்க ஆளும் பணமும் வேண்டும். மட்டத்தையும் காற்றையும் சோதிக்க ஒரு கயிறும் கொஞ்சம் பொறுமையும் போதும். செலவில்லாத சோதனையை முதலில் செய்வதே முறை.

கோயம்புத்தூரில் வார்த்த பம்பாக இருந்தாலும், கிர்லோஸ்கரின் பெயர் தாங்கியதாக இருந்தாலும், கிணற்றில் இல்லாத தண்ணீரை அது தராது. புதிய மோட்டாருக்குப் பணம் எடுத்துவைக்கும் வீட்டார், அதில் ஒரு பகுதியைக் கூரை மழைநீரைக் கிணற்றில் இறக்கும் குழாய்க்கும் வடிகட்டித் தொட்டிக்கும் ஒதுக்குங்கள். அதை ஜூன் மாத மழைக்கு முன்பே செய்துவிடுங்கள்.