நிபந்தனைகளின் தோற்றமும் மறைவும்: மென்பொருள் மாதிரியுருக் கருவிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மென்பொருளை ஆக்குவோர் முதலில் அதன் மாதிரியுருவை வரைந்துகொள்கின்றனர். எப்பொருள்கள் உள, அவற்றிடையே என்ன தொடர்பு உளது என்பவற்றைப் பெட்டிகளும் கோடுகளும் காட்டும். ஆயின் எவை நிகழலாகாது என்பதைக் கோடுகள் மட்டும் கூறா. கூட்டுறவுச் சங்கமொன்றின் கடன் முறையை எடுத்துக்கொள்வோம். 'கடன்', 'உறுப்பினர்' என்னும் இரு பெட்டிகளை வரைந்து, பெறுபவர், பிணையாளர் என இரு கோடுகளால் அவற்றை இணைக்கலாம். பெறுபவரே தமக்குப் பிணை நிற்றலாகாது என்ற விதி அப்படத்தில் இல்லை. இத்தகைய விதியையே நாம் இங்கு நிபந்தனை என்கின்றோம். அது எங்கே எழுதப்படுகின்றது, யாருடைய கண்ணுக்குப் புலப்படுகின்றது என்பதே எமது வினா.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிபந்தனை கட்புலனாகவே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1963 இல் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக்கு ஐவன் சதர்லண்ட் சமர்ப்பித்த ஆய்வேடு 'ஸ்கெச்பாட்' என்னும் வரைதல் முறைமையை விவரித்தது. அமெரிக்க வான்பாதுகாப்பு ஆய்வுக்கென 1951 இல் தோன்றிய லிங்கன் ஆய்வுகூடத்தின் ரீ.எக்ஸ்.-2 கணினியில் அது இயங்கிற்று. பயனர் ஒளிப்பேனாவாற் கோடுகளை வரைந்து, இவை சமாந்தரமாதல் வேண்டும், இவை சம நீளமாதல் வேண்டும் என விதித்தால், கணினி படத்தை அதற்கேற்பத் திருத்தியது. விதித்த நிபந்தனையையும் திரையிற் காணலாம். எழுத்தொன்றைக் கொண்ட சிறு வட்டமாக அது தோன்றும். அது கட்டுப்படுத்தும் உறுப்புகளை நோக்கி வட்டத்திலிருந்து கைகள் நீளும். வேண்டும்போது காட்டலாம், காட்டியதைச் சுட்டி நீக்கவும் செய்யலாம். விதியும் படத்தைப் போலவே கையாளத்தக்க பொருளாயிற்று.

1979 இல் அலன் போர்னிங் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வேடாக அளித்த 'திங்லாப்' இம்மரபை வளர்த்தது. ஆயின் மென்பொருட்டுறை வேறொரு வழியிற் சென்றது. 1995 இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாகிய ஓ.சி.எல். என்னும் நிபந்தனை மொழி, 1997 இல் யூ.எம்.எல். வரைபு மொழி பொது நியமமாக ஏற்கப்பட்டபோது அதன் ஒரு பகுதியாயிற்று. இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. பேச்சுவழக்கின் ஈரடித்தன்மை நீங்கியது. விதி மீறப்பட்டதா என்பதைக் கருவியே சோதிக்கக்கூடியதாயிற்று.

ஆனால் விதி படத்தினின்றும் பிரிந்து எழுத்தாயிற்று. இரட்டை வளைவு அடைப்புக்குள்ளோ, மூலை மடிந்த குறிப்புப் பெட்டியிலோ அதனை எழுத யூ.எம்.எல். இடமளித்தது. நிபந்தனைகள் பெருகியபோது இக்குறிப்புகள் படத்தை மூடின. எனவே பல கருவிகள் அவற்றைப் பண்புச் சாளரங்களுள் ஒதுக்கின. படத்தைப் பார்ப்பவர் முழுமையையும் கண்டுவிட்டதாக எண்ணுகின்றார். ஆட்சி செய்யும் விதியோ வேறிடத்தில் உறைகின்றது. இக்குறையை உணர்ந்தோரும் இருந்தனர். 1997 இல் ஸ்ருவட் கென்ற் நிபந்தனைகளையே வரைபாகக் காட்டும் குறியீட்டு முறையை முன்வைத்தார். பிறேமன் பல்கலைக்கழகத்தின் 'யூஸ்' கருவி எந்நிபந்தனை நிறைவுறுகின்றது, எது பொய்க்கின்றது என்பதைப் பட்டியலிட்டுக் காட்டுகின்றது.

எல்லாவற்றையும் ஒருங்கே காட்டினால் எதுவும் தெளிவுறாது என்ற வாதம் மறுக்கற்பாலதன்று. எனினும் காட்டுவதா மறைப்பதா என்பதைப் பார்ப்பவரே தீர்மானித்தல் ஒன்று. கருவி முன்கூட்டியே மறைத்துவிடுதல் வேறொன்று. மேற்கூறிய கடன் விதி தவறாக எழுதப்படின் அதனைக் கண்டுபிடிக்கத் தகுந்தவர்கள் சங்கத்தின் எழுதுவினைஞரும் உறுப்பினருமே, நிரலாளர் அல்லர். ஓ.சி.எல். மொழியை அவர்கள் அறியார். சாளரத்தைத் திறக்கவும் அவர்களுக்கு வாய்ப்பில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பின்னரே விதி அவர்களை எட்டுகின்றது. காணப்படாத விதி கேள்விக்கு உட்படுவதில்லை. ஆகவே நிபந்தனையைக் காட்டும் முறை வெறும் வரைபழகு சார்ந்த பிரச்சினையன்று. விதிக்கு உட்படுவோர் அதனை ஆராயும் உரிமை சார்ந்த பிரச்சினையுமாகும். 1963 இல் ஒரு சிறு வட்டம் அளித்த அவ்வாய்ப்பைப் பின்வந்த கருவிகள் எந்த அளவுக்குப் பேணின என்பதைக் கொண்டே அவற்றின் வளர்ச்சியை மதிப்பிடல் வேண்டும்.