ஒத்தையா, ரெட்டையா?

புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி 'ஒத்தையா, ரெட்டையா' விளையாடாதவர் நம்மில் உண்டோ? கணித மேதைகளும் அதே ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்!

1740-ல் பெர்லினிலிருந்து நோடே என்பவர் ஆய்லருக்குக் கடிதம் எழுதினார்: 50-ஐ ஏழு வெவ்வேறு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? விடை 522. ஆய்லர் அதோடு விடவில்லை.

எந்த நிபந்தனையும் இல்லையென்றால் 10-ஐப் பிரிக்க 42 வழி. உட்கார்ந்து எண்ண வேண்டாம். 10-லிருந்து 1, 2 கழித்தால் வரும் 9, 8-க்கான விடைகளைக் கூட்டி, 5, 7 கழித்தால் வரும் 5, 3-க்கான விடைகளைக் கழிக்கணும்: 30 + 22 - 7 - 3 = 42. பெரிய எண்களுக்கு அடுத்து 12, 15 என்று விதி நீளும். இதை வைத்து மேஜர் மக்மஹோன் 200 வரை கையாலேயே கணக்கிட்டார். அந்த அட்டவணையைப் பார்த்த நம்ம ராமானுஜன், 4-லோ 9-லோ முடியும் எண்களுக்கு விடை 5-ஆல் வகுபடும் என்று கண்டு, 1919-ல் நிரூபணமும் கொடுத்தார்.

சரி, 2-ஆல்? 'வெவ்வேறு எண்களாகத்தான் பிரிக்கணும்' என்றால் பதில் தெளிவு. 1, 2, 5, 7, 12, 15 என்று போகும் அதே ஆய்லர் எண்களுக்கு மட்டும் விடை ஒற்றை; மற்றதெல்லாம் இரட்டை. 5-க்கு 5, 4+1, 3+2 என மூன்று வழி, 6-க்கு நான்கு.

நிபந்தனையை எடுத்துவிட்டாலோ, ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை! ஒற்றை, இரட்டை இரண்டுமே முடிவில்லாமல் வரும் என்று 1959-ல் கோல்பெர்க் நிரூபித்தார். பாதிக்குப் பாதியா? இன்றுவரை நிரூபணம் இல்லை.

தம்பி, தங்கைகளே! கம்ப்யூட்டரில் போட்டால் பாதிக்குப் பாதி மாதிரிதான் தெரியும். எங்க இன்ஜினீயர் தொழிலுக்கு அது போதும்; கணிதத்துக்குப் போதாது. நம்ம கல்லூரியிலிருந்து யாராவது முயற்சி பண்ணக் கூடாதா?