சைடு கொடுத்த கதை

சின்ன வயதில் பஸ்ஸில் முன்பக்க இடது ஓர சீட் கிடைத்தால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது. முழுக் கண்ணாடியும் நமக்குத்தான். ஆனால் அந்த சீட்டுக்கு ஒரு சாபம் உண்டு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருக்கும். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற டிரைவர் லேசாகத் தலையைச் சாய்த்து எட்டிப் பார்ப்பார். அவருக்கு என்னவோ தெரியும். எனக்குத் தெரிவது கரும்பு மட்டும்தான். பஸ் முழுதாக வலப்பக்கம் விலகிய பிறகுதான் எதிர்ச்சாலை எனக்குக் காட்சி தரும், அதில் வரும் லாரியும் சேர்த்து. கால் தானாகவே தரையில் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

இப்போது அந்த இடது சீட்டுக்கு முன்னால் ஸ்டியரிங்கை வைத்துக் கற்பனை செய்து பாருங்கள். சாலையில் இடப்பக்கமாகப் போக வேண்டும், ஓட்டுபவரும் இடப்பக்கமே உட்கார்ந்திருக்க வேண்டும். 1967 வரை ஸ்வீடனில் ஒரு தேசமே இப்படித்தான் கார் ஓட்டியது.

ஸ்வீடனில் 1734 முதல் இடப்பக்கப் போக்குவரத்துதான். குதிரை வண்டிக் காலத்து வழக்கம். அதில் ஒரு சிக்கலும் இல்லை, நாமும் இடப்பக்கம்தான் போகிறோம். ஆனால் நம் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம், அதாவது சாலையின் நடுப்பக்கம் இருக்கிறது. ஸ்வீடன்காரர்களுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம். உள்நாட்டிலேயே தயாரான வால்வோவிலும் அப்படித்தான். சாலை விதி ஒரு திசையில், வண்டியின் உடம்பு இன்னொரு திசையில். நேராகப் போகிறவரை வித்தியாசம் தெரியாது. முன்னால் மெதுவாக ஒரு லாரி போகும்போதுதான் தெரியும்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். முன்னால் லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் 80இல் முந்துகிறீர்கள். லாரியின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து அதைவிட 55 மீட்டராவது கூடுதலாகப் போனால்தான் திரும்ப உங்கள் பக்கத்துக்கு வர முடியும். வேக வித்தியாசம் 20 கிலோமீட்டர்தான் என்பதால் இதற்கு 10 விநாடி ஆகும். அந்த 10 விநாடியில் நீங்கள் 220 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 80இல் வருகிறவரும் 220 மீட்டர் வந்திருப்பார். ஆக, கிளம்பும்போதே கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் காலியாகத் தெரிய வேண்டும். அதைப் பார்ப்பதற்கே வண்டியை எதிர்த் தடத்துக்குள் நீட்ட வேண்டும் என்றால் எப்படி? உயிரைக் கொடுத்து எட்டிப் பார்ப்பது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

அக்கம்பக்கத்து நார்வே, ஃபின்லாந்து, டென்மார்க் எல்லாம் வலப்பக்கம். நார்வே எல்லையில் சின்னச் சின்னச் சாலைகள் நிறைய, அங்கேயும் குழப்பம். மாறிவிடலாம் என்று அரசியல்வாதிகள் பலமுறை பேசினார்கள். 1955இல் மக்களிடமே கேட்டார்கள். வாக்களித்தவர்களில் 83 சதவீதம் பேர் இடப்பக்கமே போதும் என்றார்கள். இதை முட்டாள்தனம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து ஆபத்தாகத் தெரியாது. அது சாமர்த்தியமாகத்தான் தெரியும். ‘நான் இருபது வருஷமா இப்படித்தான் ஓட்றேன்’ என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியாமல் போனவர்களுக்கு வாக்கு கிடையாது.

எட்டு வருஷம் கழித்து, 1963இல், நாடாளுமன்றம் மக்கள் வாக்கெடுப்பை ஒதுக்கிவிட்டு மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நான்கு வருஷத் தயாரிப்பு. சுமார் 3,60,000 சாலைப் பலகைகளை மாற்ற வேண்டியிருந்தது. பஸ்களில் கதவு எதிர்ப்பக்கம் போனது. சில ஊர்களில் டிராமையே மூடிவிட்டார்கள். பால் பாக்கெட்டிலும் உள்ளாடையிலும்கூட ‘ஹெச்’ எழுத்துச் சின்னத்தை அச்சடித்தார்கள். வலம் என்பதற்கான அவர்கள் சொல்லின் முதலெழுத்து அது. பாட்டுப் போட்டி வைத்து, வலப்பக்கமாகப் போகச் சொல்லி ஸ்வென்சனுக்கு அறிவுரை கூறும் பாடலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்வென்சன் என்றால் அங்கே நம் குப்புசாமி மாதிரி, சராசரி ஆள்.

1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை 4.50க்கு சாலையில் இருந்த எல்லா வண்டிகளும் நின்றன. மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தன. மறுபடி நின்றன. 5 மணிக்குப் புறப்பட்டன. அன்றைய ஸ்டாக்ஹோம் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். தெரு முழுக்க கார்கள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் படம் ஒன்று பிரபலம். குழப்பத்துக்கு உதாரணமாக அதைப் பகிர்கிறார்கள். உண்மையில் அந்த நாட்டின் சாலைகளில் பெரிதாக ஒன்றும் நடக்காத நாள் அது. மறுநாள் திங்கட்கிழமை பதிவானவை 125 விபத்துகள், வழக்கமான திங்கட்கிழமைகளைவிடக் குறைவு. ஒன்றிலும் உயிர்ப்பலி இல்லை.

1966இல் ஸ்வீடன் சாலைகளில் இறந்தவர்கள் 1,313 பேர். 1967இல் 1,077. ஓட்டுபவரின் கண் இப்போது சாலையின் நடுவுக்கு வந்துவிட்டது. முந்துவதற்கு முன்னால் எட்டிப் பார்க்கலாம். கணக்கு சரியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் 1970இல் சாவு எண்ணிக்கை மறுபடி 1,300ஐத் தாண்டியது.

வண்டிகள் பெருகியது ஒரு காரணம். அது மட்டுமே காரணமில்லை என்று வாதிட்டவர்களில் ஒருவர், கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜெரால்ட் வைல்ட். மனிதர்கள் ஒவ்வொருவரும் மனதுக்குள் ஓர் ஆபத்து அளவை வைத்திருக்கிறார்கள், சாலை பயமுறுத்தினால் நிதானமாகப் போவார்கள், பயம் போனதும் பழைய அளவுக்கே திரும்பிவிடுவார்கள் என்பது அவர் கருத்து. அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று ஸ்வீடனின் இந்த மாற்றம். பக்கம் மாறிய புதிதில் பயந்து பயந்து ஓட்டினார்கள், அதனால் பிழைத்தார்கள். பழகியதும் பழைய தைரியம் வந்துவிட்டது. அப்படியென்றால் அந்தக் காலையில் உயிர்களைக் காப்பாற்றியது பார்வை இல்லை, பயம்.

வைல்டின் கோட்பாட்டை நான் முழுசாக ஏற்கவில்லை. காரணம் பின்னால் வருகிறது. ஆனால் முந்துவதைப் பற்றி அதில் ஓர் உண்மை இருக்கிறது. எதிரே வரும் வண்டி தெரிவது வேறு, அது என்ன வேகத்தில் வருகிறது என்பது தெரிவது வேறு. அரை கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு விளக்குகள், 60இல் வருகிறதா 100இல் வருகிறதா என்று எந்தக் கண்ணும் சொல்லாது. நாம் சொல்வது ஊகம். அடிக்கடி பலிப்பதால் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறோம்.

இங்கே நம் ஊருக்கு வந்து போக வேண்டும். தமிழில் டிரைவர்கள் ஓவர்டேக் என்று சொல்வதற்கு இணையாகப் புழங்கும் இன்னொரு சொல் ‘சைடு’. ‘சைடு கேட்டேன்’, ‘சைடு குடுத்தான்’, ‘ஹார்ன் அடிச்சும் சைடு தரல’. கேட்பதும் கொடுப்பதுமாக, இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை அது. சட்டமும் அப்படித்தான் நினைத்தது. இந்தியாவின் 1989 சாலை விதிகளில், முன்னால் போகிறவர் சைகை கொடுக்காவிட்டால் அவரை முந்தக் கூடாது என்றே இருந்தது. அந்தச் சைகை எப்படி இருக்க வேண்டும் என்பதும் உண்டு: வலது கையை வெளியே நீட்டி, அரைவட்டமாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். லாரி டிரைவர்கள் சோம்பலாக அசைக்கிற அந்தக் கை சட்டத்தில் எழுதப்பட்ட கை. லாரியின் பின்னால் ஹார்ன் அடிக்கச் சொல்லி எழுதியிருப்பதன் அர்த்தமும் இதிலிருந்து விளங்கும்: நீ கேள், நான் பார்த்துச் சொல்கிறேன். மகாராஷ்டிரா அரசு 2015இல் அந்த வாசகத்தைத் தடை செய்தது, சத்தத்தைத் தூண்டுகிறது என்று. 2017இல் மத்திய அரசு பழைய விதிகளை நீக்கிப் புதிய விதிகளைக் கொண்டுவந்தது.

கண் தெரியாத இடத்தில் இன்னொருவரின் கண்ணைக் கடன் வாங்குவது அழகான ஏற்பாடுதான். 2015இல் அர்ஜென்டினாவில் சாம்சங் நிறுவனம் லாரியின் முன்னால் கேமராவும் பின்னால் நான்கு திரைகளும் வைத்து, லாரியை ஊடுருவிப் பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்து காட்டியது. நம் டிரைவரின் கை செய்த வேலைதான், மின்சாரத்தில். ஆனால் கடன் வாங்கிய கண்ணாலும் எதிரே வருபவரின் வேகத்தை அளக்க முடியாது. போகச் சொன்னவர் தப்பாகக் கணித்தால் போனவருக்குத்தான் இழப்பு.

ஸ்வீடனுக்குத் திரும்புவோம். 1997 அக்டோபரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: சாலையில் சாவோ கடுமையான காயமோ பூஜ்யமாக வேண்டும் என்பதே நீண்டகால இலக்கு. இதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் கிளாஸ் டிங்வால். மனிதன் தப்பு செய்வான், அந்தத் தப்புக்கு மரண தண்டனை கொடுக்காத சாலையைப் போடுவது போட்டவர்களின் பொறுப்பு என்பதுதான் அடிப்படை. கேட்க எளிமையாக இருக்கிறது. அதுவரை விபத்து என்றால் ‘டிரைவர் கவனக்குறைவு’ என்று எழுதி மூடிவிடுகிற கோப்பை இது மறுபடி திறக்கிறது.

அவர்களிடம் 13 மீட்டர் அகலச் சாலைகள் நிறைய இருந்தன. இரண்டு தடம், இரண்டு ஓரத்திலும் அகலமான விளிம்பு. மெதுவாகப் போகிறவர் விளிம்பில் ஒதுங்கி சைடு கொடுப்பார், பின்னால் வருகிறவர் எதிரே வண்டி வந்தாலும் நடுவில் புகுந்து போவார். மரியாதையான வழக்கம், நேருக்கு நேர் மோதி நிறையப் பேர் செத்தார்கள். 1998இல் யெவ்லேவுக்கு வடக்கே ஈ4 நெடுஞ்சாலையில் அதே அகலத்துக்குள் மூன்று தடம் போட்டு, எதிரெதிர்த் திசைகளைப் பிரித்து இரும்புக் கம்பி வடம் கட்டினார்கள். நடுத்தடம் ஒன்று இரண்டு கிலோமீட்டர் இந்தத் திசைக்கு, அடுத்த ஒன்று இரண்டு கிலோமீட்டர் அந்தத் திசைக்கு. உங்கள் முறை வரும்போது முந்திக்கொள்ளுங்கள். வராதபோது எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் டிராக்டர் பின்னாலேயே போங்கள்.

கடும் எதிர்ப்பு. மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்தக் கம்பியைப் பாலாடைக்கட்டி நறுக்குகிற கத்தி என்றார்கள். வேகம் குறையும், ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்ளும் என்றெல்லாம் பேச்சு. ஆனால் இப்படி மாற்றிய சாலைகளில் சாவு ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்தது. வைல்டிடம் நான் விலகுகிற இடம் இதுதான். ஸ்வென்சனின் மனதிலிருந்த ஆபத்து அளவு மாறியிருக்காது. அவருடைய அவசரமும் அப்படியே இருந்திருக்கும். அதைக் கொண்டு எதிர்த் தடத்துக்குப் போக வழியில்லை, அவ்வளவுதான். 1967இல் அவருக்குப் பார்வையைக் கொடுத்தார்கள். 1998இல், பார்த்து முடிவெடுக்கும் வேலையையே அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். சைடு கொடுக்கிற பொறுப்பைச் சாலை ஏற்றுக்கொண்டது.

இதை அப்படியே செஞ்சி ரோட்டில் கட்டலாமா? கட்டினால் முதலில் அதில் மோதுவது ஹெல்மெட் போடாத டூவீலராகத்தான் இருக்கும். நாம் நாலுவழிச் சாலையைத் தேர்ந்தெடுத்தோம், நடுவில் திட்டு வைத்தோம். திட்டு ஊரை இரண்டாக வெட்டியது. எதிர்ப்பக்கத்து வயலுக்குப் போக ரெண்டு கிலோமீட்டர் சுற்ற முடியாதவர் எதிர்த்திசையில் வண்டியை விடுகிறார். அவரைத் திட்டிக்கொண்டே கடந்து போகிறோம். நாலுவழி வராத ஆயிரக்கணக்கான மைல் சாலைகளில் இன்னும் சைடு கேட்பதும் கொடுப்பதும்தான்.

அதிலும் கை மறைந்துகொண்டு வருகிறது. கை நீட்டிய இடத்தில் இண்டிகேட்டர் வந்துவிட்டது. வலது இண்டிகேட்டர் போட்டால் சிலருக்கு ‘வராதே’, சிலருக்கு ‘வா’, சட்டப்படி ‘நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்’. ஒரே விளக்குக்கு மூன்று அர்த்தம்.

போன மாதம் அதே செஞ்சி வழியில், அதே இடது ஓர சீட். முன்னால் ஒரு லாரி, வலது இண்டிகேட்டர் ரெண்டு கிலோமீட்டராக மினுக்கிக்கொண்டே இருந்தது. திரும்புகிற வழியாகவும் இல்லை. டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, படியருகே நின்ற கண்டக்டரிடம் கேட்டார்.

“என்னய்யா, போகச் சொல்றானா, வேணாங்கறானா?”

கண்டக்டர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

“அணைக்க மறந்துட்டாண்ணே.”