பழைய அகப்பக்கத்தைப் புதுப்பிக்கும் முன் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

கோலாலம்பூர் - பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ கடை வைத்திருக்கும் ஒருவரின் அகப்பக்கம் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அமைத்ததாக இருந்தால், அது கைப்பேசியில் சரியாகத் தெரிவது அரிது. அதைப் புதுப்பிப்பது அவசியம். ஆனால், திட்டமின்றிப் புதுப்பித்தால் இருக்கும் வாடிக்கையாளரையும் இழக்க நேரிடும்.

பெயர் யார் வசம்?

முதலில் டொமெய்ன் பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது என்று பாருங்கள். வடிவமைப்பாளரின் பெயரில் இருந்தால், உடனே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 'டாட் மை' பெயர்களை நிர்வகிப்பது மைநிக். பதிவு காலாவதியாகும் நாளையும் குறித்து வையுங்கள்.

பழையதைப் பட்டியலிடுங்கள்

எல்லாப் பக்கங்களையும் எழுதி, வைப்பவை, திருத்துபவை, நீக்குபவை எனப் பிரியுங்கள். ஃபிளாஷில் செய்த படங்கள் இனி இயங்கா. 2020 டிசம்பர் 31உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ் கூகுள் தேடலில் அகப்படாது. அதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

முகவரிகள் மாறினால்

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். பக்கத்தின் இணைய முகவரி மாறும்போது, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு '301' எனும் நிரந்தரத் திருப்பம் அமைக்க வேண்டும். இல்லையேல் பல ஆண்டுகளாகத் தேடலில் பெற்ற இடம் பறிபோகும். கூகுள் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாகக் கணக்கில் எடுப்பதால், அந்த வடிவமைப்பை முதலில் பாருங்கள்.

சட்டம்

வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண் முதலியவற்றைக் கேட்டுப் பெறும் பக்கத்திற்கு, 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு தேவை. 'எச்டிடிபிஎஸ்' பாதுகாப்பும் இருக்கட்டும். அது இல்லாத தளங்களைக் குரோம் உலாவி 2018 ஜூலை முதல் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது.

எப்போது மாற்றுவது?

தீபாவளிக்கு முந்தைய வாரங்களைத் தவிர்த்து, வியாபாரம் மந்தமான மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய தளத்தின் முழுப் பிரதியையும் சேமித்து வையுங்கள். விலை குறைந்த ஒரு கைப்பேசியில் திறந்து பார்த்து, தொலைபேசி எண், கடை நேரம், கட்டண முறை எல்லாம் சரியாக உள்ளன என்று உறுதி செய்தபின் வெளியிடுங்கள்.

கடவுச்சொற்கள் உரிமையாளரின் கைக்கு வந்தபின் கடைசித் தவணையைச் செலுத்துவது நல்லது.