மிளகாய் வத்தலுக்கு எந்தக் கிடங்கு?

மிளகாய் வத்தல் வியாபாரத்தில் கொள்முதல் நான்கைந்து மாதம், விற்பனை பன்னிரண்டு மாதம். ராமநாதபுரம் முண்டும் குண்டூர் சன்னமும் தேஜாவும் தை முதல் வைகாசிக்குள் சந்தையில் வந்து குவிந்துவிடும். அதன் பிறகு அடுத்த தை வரை மசாலா ஆலைக்கும் கடைக்கும் போவதெல்லாம் ஏதோ ஒரு கிடங்கில் கிடந்த சரக்குதான். அந்தக் கிடங்கு சாதாரண குடோனா, குளிர்பதனக் கிடங்கா என்பதைப் பலர் வாடகையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். சரக்கு எத்தனை மாதம் கிடக்கும், நடுவில் மழைக்காலம் வருமா என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். வாடகையை அப்புறம் பேசலாம்.

வத்தலுக்கு விலை தருவது நிறம். அந்தச் சிவப்பு நிறமிகள் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் காற்றிலும் சிதைந்துகொண்டே இருக்கும். தகரக் கூரை போட்ட குடோனில் சித்திரை வெயில் இறங்கும்போது மேலடுக்கு மூட்டைகள் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் வேகின்றன. சில மாதங்களில் சிவப்பு மங்கிப் பழுப்பு தட்டுவது கண்ணுக்கே தெரியும். குளிர்பதனக் கிடங்கில் 4 முதல் 7 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும், 60 முதல் 65 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அதே வத்தல் ஓராண்டு கழித்தும் ஏறக்குறையப் புதுச் சரக்கின் நிறத்தோடு வெளியே வரும். குண்டூர் சந்தையில் ‘ஏசி சரக்கு’ என்று தனியாக விலை சொல்வதற்குக் காரணம் இதுதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு, உருண்ட வடிவத்துக்கும் பளபளப்பான தோலுக்கும் வாங்கப்படுவது. அதை நிறம் போகவிட்டு விற்பது விவசாயியின் உழைப்புக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது ஈரம். வத்தலில் 10, 11 சதவீத ஈரம் இருப்பது நல்லது. அதற்கு மிகவும் கீழே போனால் பழம் நொறுங்கி விதை கொட்டும், எடையும் குறையும். மேலே போனால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். மிளகாய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் மொத்த அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம்தான். அதைத் தாண்டினால் சரக்கு திரும்பி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாதாரண குடோனின் காற்றே ஈரமாகிவிடுகிறது. தரையிலிருந்து உயர்த்திய மரப்பலகை, சுவரிலிருந்து தள்ளிய அடுக்கு, உயரமான தளம் என எல்லாம் செய்தாலும் அந்தக் காற்றை வெளியே நிறுத்த முடியாது. வண்டுக்கு மருந்துப்புகை போடும் செலவும் சேர்ந்துகொள்ளும். குளிரில் வண்டு பெருகாது.

இதை வைத்துக் குளிர்பதனக் கிடங்கு என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உருளைக்கிழங்கு, காய், பழம் வைக்கும் கிடங்கில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அங்கே வத்தலை வைத்தால் சாதாரண குடோனைவிடச் சீக்கிரம் கெடும். வாசனையும் கலக்கும். மிளகாய்க்கென்று தனி அறை இல்லாத கிடங்கை எவ்வளவு மலிவானாலும் ஒதுக்கிவிட வேண்டும். வெளியே எடுக்கும் நேரமும் முக்கியம். 5 டிகிரியில் இருந்த மூட்டையைப் புழுக்கமான மதியத்தில் திறந்தால் வத்தல் மேல் நீர் வியர்த்துவிடும். அதிகாலையில் எடுத்து, இடைநிலை அறையில் வைத்துப் பிறகு ஏற்றுகிற கிடங்காக இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் தாங்க ஜெனரேட்டர் வேண்டும். சுவரின் வெப்பக்காப்பில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம் என்பதால், காப்பீடு சரக்கின் அன்றைய மதிப்புக்கு இருக்க வேண்டும்.

சாதாரண குடோனுக்கு உள்ள பலம் கைக்கெட்டும் தூரம். ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும், நினைத்தபோது திறக்கலாம், பத்து மூட்டை வேண்டுமென்றால் பத்தே எடுக்கலாம், தரம் பிரிக்கலாம். வாடகை சதுர அடிக்கு மாதக் கணக்கு. காலி செய்தால் நின்றுவிடும். குளிர்பதனக் கிடங்கில் பெரும்பாலும் மூட்டைக்குப் பருவ வாடகை. இரண்டு மாதத்தில் எடுத்தாலும் அதே தொகைதான்.

கடன் வேண்டுமென்றால் இரண்டிலும் ஒரே கேள்வி: கிடங்கு, 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கிடங்கு வளர்ச்சி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதா? பதிவானதாக இருந்தால் மின்னணுக் கிடங்கு ரசீது கிடைக்கும், அதை வங்கியில் அடமானம் வைக்கலாம்.

மாதம் 5 டன் அரைக்கும் மசாலா ஆலையை எடுத்துக்கொள்வோம். அறுவடையில் 60 டன் வாங்கினால், புரட்டாசிக்குள் அரைபடப் போகும் 25 டன்னை ஆலையோரக் குடோனில் நல்ல நிழலில் வைக்கலாம். மழையைத் தாண்ட வேண்டிய 35 டன், வாங்கிய வாரமே குளிருக்குப் போக வேண்டும். நிறம் மங்கிய பிறகு அனுப்பிப் பயனில்லை. குண்டூரில் வாங்கியதை அங்கேயே வைத்து, லாரி லாரியாகச் சென்னைக்கு வரவழைப்பதும் நல்ல வழி. சுமார் 400 கிலோமீட்டர்தான். மாதிரி எடுத்துப் பார்க்க நம்பிக்கையான ஆள் அங்கே இருக்க வேண்டும்.

முன்பணம் கொடுக்குமுன், கிடங்குக்காரரிடம் போன ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வெப்பநிலை, ஈரப்பதப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் உங்கள் சரக்கைக் கொடுக்காதீர்கள்.