விதைக்கும்போதே வாங்க ஆள்

காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், "மகள், காலையில என்ன சாப்பிட்ட?" என்றுதான் முதலில் கேட்போம். இந்தக் கேள்விக்கு பிரேசில் பதில் தேடிய கதை இது.

அங்கே பாடசாலை உணவுத் திட்டம் 1955இல் ஆரம்பமானது. 1993இல் பெலோ ஒரிசோண்டே மாநகர சபை, உணவு மக்களின் உரிமை என்று சொல்லி அதற்கெனத் தனிப் பிரிவே அமைத்தது. சுற்றுக் கிராம விவசாயிகள் நகரத்தில் கடை போட்டு, இடைத்தரகர் இல்லாமல் மரக்கறி விற்க இடம் கொடுத்தது.

2009இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. பாடசாலை உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று அன்று அது விதித்தது. பெரிய கம்பனிகளோடு டென்டரில் மோதத் தேவையில்லை. சந்தை விலைக்கு நேரடியாகவே வாங்கலாம். விதைக்கும்போதே வாங்க ஆள் இருக்கிறது என்ற தைரியம் விவசாயிக்கு வந்தது.

நம் ஊரில் கத்தரிக்காய் விலைபோகாமல் தோட்டத்திலேயே அழுகும் நாளிலும், வெறும் வயிற்றோடு ஒரு பிள்ளை வகுப்பில் இருக்கிறது. தோட்டத்துக்கும் வகுப்புக்கும் ஒரு மைல்தான். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.